ஒரு ஆள் குக்கர்

அந்தத் தெருவில் அவருக்குச் சோபாக்காரர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை; அது வங்கிக்கும் மருத்துவமனைக்கும் போகும்போது மட்டும் வெளியே வரும். மற்றபடி கடைக்கு வருகிறவர்கள், அக்கம்பக்கத்தார், தபால்காரர் எல்லோருக்கும் அவர் சோபாக்காரர்தான். கட்டிய மனைவியே கோபம் வந்தால் சுவரைப் பார்த்து, "சோபாக்காரர் சாப்பிட வர்றாரா, இல்ல மூடி வெச்சிடவா?" என்று கேட்பாள்.

கீழே கடை, மாடியில் வீடு. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஷட்டரைத் தூக்கினால் ஒரே அறை. பாதி அறையை ஃபோம் பலகைகள் அடைத்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் துணி உரிந்த சோபாக்கள் வெறும் மரச்சட்டத்தோடு நிற்கும். நடுவில் ஒரு தையல் மெஷின், ஒரு முக்காலி, முக்காலியின் மேல் அவர். பஞ்சு ஒட்டாத இடம் அந்த அறையில் கிடையாது. அவருடைய புருவத்தில்கூடக் கொஞ்சம் இருக்கும்.

வேலை நேரத்தில் வாயில் ஆணி இருக்கும். குட்டிக் குட்டிக் கறுப்பு ஆணிகளை ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளுவார். காந்தச் சுத்தியல் அதைக் கவ்விக்கொள்ளும். ஒரு கையால் துணியை இழுத்துப் பிடித்து, மறு கையால் ஒரே அடி. ஸ்டேப்ளர் பின் அடிக்கிற துப்பாக்கி வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அவரிடமும் ஒன்று இருக்கிறது. ஆனால் பழைய மரத்துக்கு ஆணிதான் சரி என்பது அவர் கட்சி. வாய் நிறைய ஆணியை வைத்துக்கொண்டு ஆயுசைக் கழித்த மனிதரிடம் பேச்சை எதிர்பார்க்க முடியுமா? மாடிக்கு வந்து வாயைக் கொப்பளித்த பிறகும் ஆணி உள்ளேயே இருக்கிற மாதிரிதான் உட்கார்ந்திருப்பார். மனைவி ஒரு கேள்வியை மூன்று தரம் கேட்டுவிட்டு, "ஆணியைத் துப்பிட்டுப் பதில் சொல்லுங்க" என்பாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு வாய் திறக்கும். பழைய சோபாவைப் பிரித்தால் உள்ளே என்னென்னவோ கிடக்குமே, சீப்பு, பேனா மூடி, மாத்திரை அட்டை, ஒற்றைத் தோடு, அதையெல்லாம் ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு அந்த வீட்டின் கதையையே சொல்லிவிடுவார். "அந்த வீட்ல புருஷன் சோபாவுலதான் படுக்கிறான். மாத்திரை அட்டை, கண்ணாடி துடைக்கிற துணி, சார்ஜர் எல்லாம் ஒரே மூலையில கெடக்கு பாரு. பேச்சுவார்த்தை இல்ல போல" என்பார். மனைவி கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. தப்பாகப் போனதை இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டுச் சோபா எப்படி இருந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். நடு இருக்கை குழிந்து, ஸ்பிரிங் ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. அதன் மேல் மடித்த போர்வை ஒன்றைப் போட்டு மறைத்திருந்தார்கள். உட்காருகிறவர்கள் தெரியாமல் நடுவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். "அடுத்த வாரம் பிரிச்சிடறேன்" என்று அவர் முதன்முதலில் சொன்னபோது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவள் படித்து முடித்து, வெளியூரில் வேலையும் கிடைத்துப் போய்விட்டாள். அடுத்த வாரம் மட்டும் வரவில்லை.

அந்த மகள் போவதற்கு முன் ஒரு காரியம் செய்தாள். போனில் பொருள் வாங்குகிற கடை ஒன்றில் அவளுக்குக் கணக்கு இருந்தது. அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று புதிதாகத் தொடங்கிக் கடவுச்சொல்லை மறந்து ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள் என்று, தன் கணக்கையே இரண்டு பேர் போனிலும் போட்டுக் கொடுத்துவிட்டாள். "ஒரே கடைதானே, எல்லாருக்கும் சேர்த்து ஒரே கணக்கு போதும்" என்றாள். சோபாக்காரருக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. அவர் அதில் ரெக்சின் பார்ப்பார், ஸ்பிரிங் பார்ப்பார். வாடிக்கையாளர்கள் அவர் போனையே வாங்கி, "இந்த மாதிரி கை வெச்சு வேணும்" என்று சோபாவாகத் தள்ளித் தள்ளிக் காட்டுவார்கள்.

மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசை வேலை. உள்ளே பல் குடையும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே அவளுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் நிறைய. அப்போது போன் கடையைத் திறப்பாள். திறந்தால் சோபா. "உங்களுக்காக" என்று எழுதி அதன் கீழே வரிசையாகச் சோபா. சாம்பல் நிறத்தில் ஒன்று, அகலக் கை, குட்டைக் கால். அது தினமும் முதலில் வந்து நிற்கும். முதலில் தள்ளிவிட்டுப் போனாள். பிறகு யோசித்தாள். பிறகு அவளுக்கு ஒரு ஞானம் பிறந்தது. வாயைத் திறந்து சொல்லத் தெரியாத மனுஷன், வீட்டுக்கு ஒரு சோபா வாங்க ஆசைப்பட்டுத் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். தன் கையால் செய்ய அவருக்கு நேரமில்லை, வாங்கவும் கூச்சம். பாவம்.

அவள் தன் சம்பளத்தில் அந்தச் சாம்பல் சோபாவை வாங்கிவிட்டாள்.

ஒரு மதிய நேரத்தில் இரண்டு ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு தெருவின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார்கள். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. எதிர்க்கடையில் கண்ணாடி வெட்டுகிறவர் வேலையை நிறுத்திவிட்டு, "என்ன சோபாக்காரரே, டாக்டர் வீட்டுக்கு வெளியிலேருந்து டாக்டர் வர்றாரு போல" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். சோபாக்காரர் வாயிலிருந்த ஆணியை அத்தனையும் தரையில் துப்பினார்.

"எங்கேருந்து எடுத்தீங்களோ அங்கேயே கொண்டு போங்க" என்றார் ஆட்களிடம்.

மனைவி மாடிப்படியில் நின்றபடி கேட்டாள். "நீங்கதானேங்க தினமும் பாத்துக்கிட்டிருந்தீங்க? ஆசைப்படறீங்களேன்னுதான்..."

"எதை நான் பாத்தேன்?"

"சோபாவை."

"நான் சோபாவைப் பாக்காம வேற என்னத்தைப் பாப்பேன்? அது என் பொழப்பு."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பேசாத மனிதர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. "இத்தனை வருஷம் இந்தக் கையால சாப்பிட்டது போதலையா? எவனோ செஞ்சதைக் கொண்டுவந்து என் வாசல்ல எறக்கறே" என்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டார்.

அவள் முகத்தில் ஈ ஆடவில்லை. "நானும் வேலைக்குத்தான் போறேன்" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சாம்பல் சோபா வந்த வழியே திரும்பிப் போயிற்று. மறுநாள் ஒரு பையை எடுத்துக்கொண்டு, "அக்கா வீட்லேருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ்தான்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நில் என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது. வாயில் ஆணி இருந்தது.

வாரம் ஒன்று போயிற்று. அவள் வரவில்லை. போன் செய்தால் எடுத்தாள், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள், "சாப்பிட்டேன்" என்றார், வைத்துவிட்டாள். மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொல்லிப் பார்த்தார், மழை வரும்போல் இருக்கிறது என்பது உட்பட.

ஒரு நாள் பழுப்பு ரெக்சின் பார்க்கப் போன் கடையைத் திறந்தார். "உங்களுக்காக" என்பதன் கீழே ஒரு குக்கர் நின்றது. கையடக்கக் குக்கர், சிவப்பு மூடி. "ஒருவருக்கு ஏற்றது" என்று எழுதியிருந்தது. தள்ளிவிட்டார். அதன் பக்கத்தில் ஒற்றைக் கட்டில் மெத்தை. அதற்கும் பக்கத்தில் ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு டம்ளர் சேர்த்த செட். "தனியாக வசிப்பவர்கள் விரும்புவது" என்றது தலைப்பு.

சோபாக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோபாவுக்குள் கையை விட்டு எத்தனை வீட்டுக் கதையைப் படித்தவர் அவர். தன் வீட்டுக் கதை இப்படித் தட்டில் வந்து விழும் என்று நினைக்கவில்லை. இந்தக் கணக்கை வைத்திருப்பது யார்? அவரும் அவளும். அவர் குக்கர் பார்க்கவில்லை. அப்படியென்றால் அவள் பார்த்திருக்கிறாள். அக்கா வீட்டில் எத்தனை நாள் இருப்பது என்று தனியாக ஓர் அறை எடுக்கிறாள். ஒரு ஆளுக்குச் சமைத்துக்கொள்ளப் போகிறாள்.

நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தக் குக்கரைத் தொட்டுத் திறந்து பார்த்தார். வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் படித்தார். யாரோ ஒருத்தி, "தனியாக இருக்கும் எனக்கு இது தாராளம், நிம்மதி" என்று எழுதியிருந்தாள். அந்த நிம்மதி என்ற சொல் அவரைக் குத்தியது. காலையில் ஒரு தரம் பார்த்தார், சாப்பாட்டுக்கு முன் ஒரு தரம், சாப்பிட்ட பின் ஒரு தரம். பார்க்கப் பார்க்க அந்தக் கடை அவருக்கு இன்னும் அதிகமாகக் காட்டிற்று. நீல மூடி, பச்சை மூடி, மூடியே இல்லாத மின்சாரக் குக்கர். ஒவ்வொன்றும் அவருக்குப் புதுச் சாட்சி. தான் உற்றுப் பார்ப்பதால்தான் அது கூடிக்கொண்டே போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மகளுக்குப் போன் செய்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. இந்தக் கடையில நாம பாக்காததெல்லாம் வருமா?"

"என்ன வந்துச்சுப்பா?"

"சும்மா, பாத்திரம் பண்டம்."

மகள் கொஞ்சம் தாமதித்தாள். "வரும்ப்பா. ஒருத்தர் பாத்தா கணக்குல இருக்கற எல்லார் போன்லயும் வரும். யாரும் பாக்கலைன்னாலும் அதுவா ஊகிச்சுக் காட்டும்."

"எதை வெச்சு ஊகிக்கும்?"

"என்ன வாங்கறோம், என்ன வாங்கறதை நிறுத்திட்டோம், எங்கேருந்து பாக்கறோம், எவ்வளவு நேரம் பாக்கறோம், எல்லாத்தையும் வெச்சுத்தான்."

"அப்ப பாத்ததைக் காட்டுதா, ஊகிச்சதைக் காட்டுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிக்க முடியாதுப்பா." பிறகு அவளே கேட்டாள், "வீட்ல எல்லாம் சரியா இருக்கா? அம்மா எங்கே?"

"பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கா. பெரியம்மாவுக்கு முட்டி வலி."

"ஓ" என்றாள் மகள். அந்த "ஓ" கொஞ்சம் நீளமாக இருந்தது. அவர் கவனிக்கவில்லை; அவர் தலை முழுக்கக் குக்கர்.

இப்போது குழப்பம் இரண்டு மடங்காகிவிட்டது. அவள் பார்த்திருந்தால் அது ஒரு மாதிரி வேதனை. அவள் பார்க்காமலே அந்தக் கடை ஊகித்திருந்தால் அது இன்னும் மோசம். இந்த வீட்டில் இனி ஒருவர்தான் என்று, புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்வதற்கு முன்பே அதற்கு எப்படித் தெரிந்தது?

அந்தச் சமயம் பார்த்துச் சகலை வந்து சேர்ந்தார். மனைவியின் அக்காவைக் கட்டியவர், லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். ஒரு மெஷினைத் தெரிந்தவனுக்கு உலகத்து மெஷின் எல்லாம் தெரியும் என்று நினைக்கிற ரகம். சாக்குக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"எப்படி இருக்கா?" என்று சோபாக்காரர் தரையைப் பார்த்துக் கேட்டார்.

"சாப்பிடறா, வேலைக்குப் போறா, வந்து போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. முந்தாநாள் அதைப் பாத்துட்டு மொகத்தைத் திருப்பிக்கிட்டா. என்ன ஏதுன்னு சொல்லலை. சகலை, ஒரு வார்த்தை வந்து கூப்பிட்டா என்ன, கொறைஞ்சா போயிடுவீங்க?"

சோபாக்காரர் போனை நீட்டிக் குக்கரைக் காட்டினார். அவள் தனிக்குடித்தனத்துக்குத் தயாராகிவிட்டாள் என்றார். குரல் கம்மியது. இத்தனை வருஷத்தில் சகலை அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"எங்க வீட்லேருந்தா? என்கிட்ட சொல்லாமயா?" சகலை போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, தான் கொண்டுவந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இங்க பாருங்க. எந்த மெஷினா இருந்தாலும் நாம அமுக்கற பட்டனுக்குத்தான் அது போகும். நீங்க ஒத்தை ஆள் சாமானையே பாத்துக்கிட்டிருந்தா அது அந்த மாடியிலதான் நிக்கும். ரெண்டு பேருக்கானதைப் பாருங்க. அவ போன்லயும் அதுதான் வரும். புரிஞ்சுக்குவா."

"நேர்ல சொல்றதை விடவா?"

"நேர்ல சொல்ல உங்களுக்கு வருமா?"

வராது என்பது இருவருக்கும் தெரிந்ததுதான். சோபாக்காரர் அன்று முதல் இரண்டு பேருக்கானதைப் பார்க்கத் தொடங்கினார். ஜோடிக் கோப்பை. இரட்டைக் கட்டில் விரிப்பு, அதற்கு இரண்டு தலையணை உறை. பெரிய குக்கர். பார்த்தால் போதாதோ என்று ஒவ்வொன்றையும் திறந்து, எழுத்து எழுத்தாகப் படித்தார். இரண்டு கரண்டி ஒட்டிக்கொண்டு நிற்கும் படத்தைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியதாகக்கூடச் சொல்லலாம். ஒரு நாள் துணிந்து ஜோடி மோதிரத்தைத் திறந்தார். அவளுக்கு இதுவரை மோதிரம் வாங்கிக் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. நிறைய நேரம் பார்த்தார்.

கடை தன் போக்கில் யோசித்தது. ஜோடிக் கோப்பை, ஜோடி உறை, ஜோடி மோதிரம். மறுநாள் திறந்தால் "மணமகளுக்கான பெட்டி" என்றது. "அழைப்பிதழ் மாதிரிகள்" என்றது. "புதுமணத் தம்பதிக்கு" என்று மூன்று வரிசை. சோபாக்காரர் திருதிருவென விழித்தார். சகலை சொன்ன மாடி இதுதானா என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் தாளின் வழவழப்பைப் பார்க்கிற பழக்கத்தில் இரண்டு மூன்று அழைப்பிதழைப் பெரிதாக்கிப் பார்த்து வைத்தார்.

அடுத்த நாள் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி உடுப்போடு, பை இல்லாமல், பஸ்ஸிலிருந்து இறங்கிய வேகத்தில் கடை வாசலில் நின்றாள். அவர் ஒரு நாற்காலிக்குத் துணி இழுத்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை யாரு?" என்றாள்.

அவர் வாய் நிறைய ஆணி. நிமிர்ந்து பார்த்தார்.

"கேக்கறேன்ல. எம் பொண்ணுக்கு மாப்பிள்ளை யாரு? மோதிரம் பாத்தாச்சு, பத்திரிகை பாத்தாச்சு, பெத்தவ நான் போனைப் பாத்துத் தெரிஞ்சுக்கணுமா? சோபா விஷயத்துல என்னைத் தெருவுல நிறுத்தினீங்க, சரின்னு போனேன். இதுலயும் எனக்கு எடமில்லையா?"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். சோபாக்காரர் உள்ளங்கையில் ஆணிகளைத் துப்பினார். ஒன்று உதட்டில் ஒட்டிக்கொண்டது, அதையும் எடுத்துப் போட்டார்.

"மாப்பிள்ளையும் இல்ல, கல்யாணமும் இல்ல. உனக்குத்தான் பாத்தேன்."

"எனக்கு எதுக்குப் பத்திரிகை?"

"பத்திரிகை அதுவா வந்துச்சு. மோதிரம் நான் பாத்தேன். நீ வரணும்னு." அவருக்கு வேர்த்தது. "அன்னைக்கு நான் பேசினது தப்பு. என் கையால நீ சாப்பிட்டதாச் சொன்னேன். உன் கையாலதான் நான் சாப்பிட்டேன். இங்க தனியா இருந்தப்ப நல்லாத் தெரிஞ்சுது."

அவள் முந்தானைக்குப் பதில் உடுப்பின் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் பாதி இறங்கிய மாதிரி இருந்தது. பிறகு திரும்ப ஏறியது.

"வரணும்னு நெனைக்கிறவருதான் ஒத்தை ஆள் குக்கர் பாத்தீங்களா?"

"நானா? நீதானே பாத்தே?"

"நான் எதுக்குப் பாக்கறேன்? அக்கா வீட்ல குக்கர் இல்லையா? நீங்க இங்க ஒரு குக்கரைப் போட்டுக்கிட்டு ராஜாவாட்டம் இருக்கப் போறீங்கன்னு நான் தெனமும் அதைத் தொறந்து தொறந்து பாத்து..."

"நான் அதைத் தொறந்து பாத்தது நீ பாத்தேன்னு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் பார்த்ததால் அவளுக்கு வந்தது, அவள் பார்த்ததால் அவருக்கு வந்தது. சரி. முதலில் பார்த்தது யார்? நான் இல்லை என்றார் அவர். நானும் இல்லை என்றாள் அவள். அந்தக் கேள்வியோடு அப்படியே நின்றிருப்பார்கள், அவளுக்குத்தான் சட்டென்று பொறி தட்டியது.

"இது யாரோட கணக்கு?" என்றாள்.

மகளைக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியைப் போட்டுத் தையல் மெஷினின் மேல் போனை வைத்தார்கள். "குக்கர் பாத்தது நீயாம்மா?" என்று அவர் கேட்டார்.

"நான்தான்ப்பா" என்றாள் மகள்.

"உனக்கெதுக்கு ஒத்தை ஆள் குக்கர்? உன்கூடத்தான் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்களே?" என்றாள் அம்மா.

"ஒருத்தி வேற வேலைக்குப் போயிட்டா. இன்னொருத்திக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. போன மாசமே காலி." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஆபீஸ்ல வீட்லேருந்தே வேலை பாக்கலாம்னு சொல்லிட்டாங்கம்மா. சொல்லாம வந்து நிக்கலாம்னு இருந்தேன். அப்பதான் நீ செருப்பு வாங்கினே."

அம்மாவுக்கு விளங்கவில்லை. அக்கா வீட்டில் இருந்தபோது செருப்பு வார் அறுந்தது உண்மை. போன் கடையில் ஒரு ஜோடி வாங்கியதும் உண்மை.

"பெரியம்மா வீட்டு முகவரிக்கு வாங்கினே. வீட்டு முகவரியை எடுத்துட்டு அதை வெச்சுட்டே. அப்புறம் நம்ம வீட்டுக்கு எதுவுமே போகலை. அப்பவே சந்தேகம் வந்து குக்கரைப் பாக்க ஆரம்பிச்சுட்டேன். அப்புறம் அப்பாகிட்ட கேட்டேன், பெரியம்மாவுக்கு முட்டி வலின்னாரு. உன்கிட்ட கேட்டேன், நீயும் முட்டி வலின்னே. பெரியம்மாகிட்டயே பேசினேன், அவங்க மாடிப்படி ஏறிக்கிட்டே பேசறாங்க."

சோபாக்காரரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லி வைத்துக்கொள்ளாமலே இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தார்கள்.

"பிரிஞ்சுட்டீங்க, எனக்குச் சொல்ல மனசு வரலைன்னு நெனச்சேன். வந்தா யார் வீட்டுக்கு வர்றது? அதான் இங்கேயே ஒரு ரூம் பாத்தேன். குக்கரை இன்னும் வாங்கலை. தெனமும் எடுத்துப் பாக்கறேன், வாங்கக் கை வரலை." மகள் கேட்டாள். "அம்மா, இப்ப நான் வந்தா எங்கே வரணும்?"

சோபாக்காரர் மனைவியைப் பார்த்தார். அவளோ பை இல்லாமல் வந்திருந்தாள். சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் போகத்தான் வந்திருந்தாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்று அவருக்குப் பட்டது. அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கே வரணும்னா என்ன கேள்வி?" என்றாள். "வீட்டுக்கு வா. நாங்க வீட்லதான் இருக்கோம்."

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

போனை வைத்த பிறகு இருவரும் மாடிக்குப் போனார்கள். அவள் பழக்கதோஷத்தில் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் கீழே போய்ச் சுத்தியலையும் ஆணி பிடுங்கியையும் எடுத்துக்கொண்டு வந்தார். போர்வையை உருவினார். நடு இருக்கையைப் பிரித்தார். உள்ளே கையை விட்டு, கிடைத்ததையெல்லாம் தட்டில் வைத்தார். மகளின் தலைக் கிளிப் ஒன்று, பல் ஆஸ்பத்திரிப் பேனா ஒன்று, அவருடைய ஆணிகள் ஏழெட்டு, ஒரு பழைய பொத்தான்.

"இதைப் பாத்து என்ன சொல்றீங்க? எப்படிப்பட்ட குடும்பம்?" என்றாள் அவள்.

அவர் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலை" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பிறகு கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் கேட்கிற கேள்வியை, இந்த வீட்டில் ஒருநாளும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"எந்தக் கலர் வேணும் உனக்கு?"

"அந்தச் சாம்பல் கலர்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள். "தெரியலைங்க. தெனமும் அதையே காட்டுச்சு, நானும் தெனமும் பாத்தேன். பிடிச்சதால பாத்தேனா, பாத்ததால பிடிச்சுதான்னு இப்ப யோசிச்சா ஒண்ணும் வெளங்கலை."

அவர் கீழே இறங்கிப்போய்த் துணி மாதிரிகள் தைத்த கனத்த கட்டை எடுத்துக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தார். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டி விரலால் தடவிப் பார்த்தாள். நீலத்தைத் தாண்டிப் போனாள், திரும்ப நீலத்துக்கு வந்தாள், பச்சையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வேறு யாராவது இப்படி நேரம் எடுத்துக்கொண்டால் அவர் வாயில் ஆணியைப் போட்டுக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

"அவசரமா உங்களுக்கு?" என்றாள் அவள் நிமிராமல்.

"இல்ல, நீ பாரு" என்று சொல்லிவிட்டு, பிரித்துப் போட்ட சோபாவின் மரச்சட்டத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.